குறுகிய கிராமச் சாலையில் முன்னே குதிரை போனால் எப்படிக் கடப்பது?

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து நான்கு மாதங்களாகக் கார் ஓட்டிவரும் நீங்கள், சென்ற வாரம் இருபுறமும் வேலி உயர்ந்த ஒரு குறுகிய சாலையில் இரண்டு குதிரைகளுக்குப் பின்னால் வந்திருக்கிறீர்கள். அவை பக்கம் பக்கமாக நடந்துகொண்டிருந்தன. பின்னால் வண்டி வருவதைத் தெரிவிப்பதுதான் மரியாதை என்று எண்ணி ஒருமுறை மெல்ல ஹாரன் அடித்தீர்கள். ஒரு குதிரை சாலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது, அதன் மேல் இருந்த பெண்மணி உங்களைக் கடிந்துகொண்டார். தவறு எங்கே நேர்ந்தது, இனி எப்படிக் கடப்பது, அவர்கள் ஏன் இணையாகப் போகிறார்கள், சாலைக்கே ஏன் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பகுதியில் குதிரை ஏறியும், அதே சாலைகளில் கார் ஓட்டியும் வருவதால், இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹாரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலரும் வழுக்கும் இடம் இதுதான். நம் ஊரில் லாரிகளின் பின்புறத்திலேயே ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியிருப்பார்கள். வருகிறேன், கவனித்துக்கொள் என்று முன்னே போகிறவருக்குச் சொல்லும் குரலாகவே ஹாரன் அங்கே புழங்குகிறது. அடிக்காமல் முந்துவதுதான் முரட்டுத்தனம். அந்தப் பழக்கத்தோடு வந்த உங்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஒலி, குதிரை மேல் இருப்பவரின் காதுக்குப் போவதற்கு முன்பே குதிரைக்குப் போய்விடுகிறது. அதற்கு ஹாரன் ஒரு செய்தியாகக் கேட்பதில்லை. முதுகுக்குப் பின்னால் எதோ பாய்ந்துவிட்டது என்று மட்டுமே அதன் உடம்பு புரிந்துகொள்கிறது.

இந்தியாவில் வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே பன்னிரண்டு மாதங்கள் வரை கார் ஓட்டலாம் என்பதால், முதல் ஆண்டில் நம்மில் பலர் ‘ஹைவே கோட்’ என்னும் சாலை விதித் தொகுப்பைக் கையில் எடுக்காமலேயே சாலையில் இறங்கிவிடுகிறோம். அதன் 215ஆவது விதி உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 2022 ஜனவரி 29 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சாலையில் குதிரையைக் கண்டால் வேகத்தை மணிக்கு 10 மைலுக்கு, அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்கு மேற்படாமல் குறைக்க வேண்டும். ஹாரன் அடிக்கவோ எஞ்சினை உறும விடவோ கூடாது. பாதுகாப்பான இடம் வரும்போது குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டு, விலகியும் மெதுவாகவும் கடக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் மெதுவாகப் போங்கள், போதிய இடம் விடுங்கள் என்று பொதுப்படையாகத்தான் இருந்தது. போதிய இடம் என்பது ஒருவருக்கு அரை மீட்டர், இன்னொருவருக்கு இரண்டு மீட்டர். எண்ணைக் குறிப்பிட்டு எழுதியதால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் பல ஆண்டுகள் பிரசாரம் செய்து கேட்டுவந்ததும் இதைத்தான்.

இந்த விதியை மீறினால் உடனே அபராதம் வருமா என்று கேட்டால், விதியின் சொற்கள் கட்டாயம் என்ற தொனியில் இல்லை, செய்ய வேண்டும் என்ற அறிவுரையின் தொனியில்தான் உள்ளன. ஆனாலும் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்கு என்று வரும்போது ஒருவர் இந்த விதித் தொகுப்பைப் பின்பற்றினாரா இல்லையா என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடமுண்டு. குதிரையை ஒட்டி வேகமாகக் கடந்து போனவர் மீது, கவனமின்றி ஓட்டியதாகவோ ஆபத்தாக ஓட்டியதாகவோ குற்றம் சாட்ட அதே சட்டத்தின் வேறு பிரிவுகள் இருக்கின்றன.

விதி இவ்வளவுதான். இந்த இரண்டு எண்களும் எதற்காக என்பது மனதில் பதிந்துவிட்டால், விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இராது. அதற்குக் குதிரையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜட்கா வண்டிக் குதிரைக்கு இரண்டு கண்களுக்கும் பக்கவாட்டில் தோல் மறைப்பு கட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனிதனைப் போல முன்புறம் மட்டும் பார்க்கும் விலங்காக இருந்தால் அதற்கு அந்த மறைப்பு தேவைப்பட்டிராது. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் அமைந்திருப்பதால், நேர் பின்புறத்தில் ஒரு கீற்றும் நெற்றிக்கு முன்னால் ஒரு சிறு பகுதியும் தவிர, ஏறத்தாழ சுற்றிலும் குதிரையால் பார்க்க முடியும். ஆனால் இரு கண்களும் சேர்ந்து பார்த்துத் தூரத்தைச் சரியாக மதிப்பிடும் பரப்பு முன்புறத்தில் மட்டுமே இருக்கிறது. பக்கவாட்டில் ஏதோ அசைகிறது என்று தெரியும். அது என்ன, எவ்வளவு தூரத்தில் என்று உறுதியாகத் தெரியாது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கோ நிழலிலிருந்து வெளிச்சத்துக்கோ போகும்போது அதன் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். மரங்கள் கூரை போட்ட சாலைகளில் ஒரு தேங்கிய நீர்க்குட்டையைக் கண்டுகூடக் குதிரை நின்றுவிடுவது இதனால்தான். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

புல் மேயும் விலங்கு அது. புலியோ ஓநாயோ வருகிறதா என்று ஆராய்ந்து பார்த்துக்கொண்டு நின்ற குதிரைகளுக்குச் சந்ததி இல்லாமல் போயிற்று; முதலில் ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்த்தவற்றின் வழிவந்தவையே இன்று நாம் ஏறும் குதிரைகள். எத்தனை ஆண்டுகள் பழக்கினாலும் அந்த முதல் கணத்தை நம்மால் மாற்ற முடிவதில்லை. அதற்கு அடுத்த கணத்தில் நம் குரலைக் கேட்கும்படி செய்யத்தான் பழக்குகிறோம்.

மிரளும் குதிரை முன்னோக்கித்தான் ஓடும் என்று கார் ஓட்டுபவர்கள் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது பக்கவாட்டில்தான் பாய்கிறது. அதைவிட முக்கியமானது எந்தப் பக்கம் என்பது. இங்கே குதிரையும் வண்டிகளைப் போலச் சாலையின் இடப்பக்கமாகவே போகிறது. அதன் இடது தோளை ஒட்டி வேலி இருக்கிறது. அதை மிரட்டக்கூடிய பொருள்களில் பாதிக்கு மேல் அந்த வேலியில்தான் இருக்கும். புதருக்குள்ளிருந்து படபடவென்று கிளம்பும் ஃபெசன்ட் கோழி, முள்ளில் மாட்டிக்கொண்டு காற்றில் அடித்துக்கொள்ளும் கறுப்பு பிளாஸ்டிக் தாள், வாயிலுக்கு மறுபக்கம் திடீரென்று தலை நீட்டும் மாடு, குப்பை எடுக்கும் நாளில் வெளியே வைத்த சக்கரத் தொட்டி என்று எதுவும் போதும். இடப்பக்கம் கண்ட எதற்கோ அஞ்சும் குதிரை வலப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கத்தில் நீங்கள் கடந்துகொண்டிருப்பீர்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லாதபோதும், உங்கள் வண்டியை அது பொருட்படுத்தாதபோதும், 500 கிலோ எடையுள்ள ஓர் உடல் உங்கள் முன் கதவை நோக்கி வந்துவிடும்.

ஒருமுறை எனக்கே இது நேர்ந்தது. நவம்பர் மாதத்து ஈரமான காலை. நான் ஏறியிருந்த குதிரை பதினாறு வயதான, எதற்கும் அசராதது என்று பெயர் எடுத்தது. பின்னால் வந்த கார்காரர் வெகு நேரம் பொறுமையாகக் காத்திருந்து, சாலை அகன்ற இடத்தில் எதிர்ப்பக்கம் முழுவதுமாக விலகிக் கடக்கத் தொடங்கினார். கார் எங்களுக்கு இணையாக வந்த அதே நொடியில் வேலியிலிருந்து ஒரு கோழி கிளம்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சேணத்துக்குக் கீழே முதுகு திடீரென்று இறுகியது; காதுகள் இரண்டும் இடப்பக்கம் பாய்ந்தன; பிறகு பின்னங்கால்களின் லாடம் தாரில் சறுக்கும் அந்தக் கிறீச் ஒலி. நிதானித்துப் பார்த்தபோது குதிரையின் பின்பகுதி சாலையின் நடுவில் இருந்தது. ஒன்றரை மீட்டராவது நகர்ந்திருக்கும். காரின் பக்கக் கண்ணாடிக்கும் அதன் தொடைக்கும் இடையில் இன்னும் கை நீட்டும் அளவுக்கு இடம் இருந்தது. கார்காரர் நின்றே விட்டார். அவர் ஒரு மீட்டர் மட்டும் விட்டுக் கடந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே 2 மீட்டர் என்பது கார் குதிரையை உரசாமல் போவதற்கான இடம் என்று எண்ணாதீர்கள். குதிரை பாய்ந்து வந்து விழக்கூடிய இடம் அது. 10 மைல் வேகம் என்பது அது பாய்ந்த பிறகும் நீங்கள் நின்றுவிடக்கூடிய வேகம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யாது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மெதுவாகத்தானே போகிறோம் என்று ஒட்டிப் போவதும், விலகித்தானே போகிறோம் என்று விரைந்து போவதும் ஒரே அளவு ஆபத்தானவை. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடம் வரும் வரை பின்னாலேயே இருக்க வேண்டும்.

உங்கள் சாலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிகளையும் சேர்த்தால் ஒரு சாதாரணக் கார் சுமார் 2 மீட்டர் அகலம். குதிரையும் அதன் மேல் இருப்பவரின் கால்களும் சேர்ந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேலியிலிருந்து அரை மீட்டராவது அது தள்ளி நடக்கும். இடையில் விட வேண்டியது 2 மீட்டர். எல்லாம் சேர்ந்து ஐந்தரை மீட்டரை எட்டிவிடுகிறது. டெவனின் மண்வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒற்றைத் தடச் சாலைகள் பல, மூன்று மீட்டரைத் தாண்டாதவை. அங்கே குதிரையைக் கடப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை, கடக்க முடியாது. வயல் வாயிலோ, வண்டிகள் ஒதுங்குவதற்கென்று அகலப்படுத்திய இடமோ வரும் வரை தொடர்ந்து போக வேண்டும். அங்கே குதிரைக்காரர் ஒதுங்கி உங்களுக்கு வழி விடுவார்.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்றும் பார்த்துவிடலாம். குதிரையின் சாதாரண நடை மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர். அடுத்த வாயில் 200 மீட்டர் தொலைவில் இருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் 30 மைல் வேகத்தில் போயிருந்தால் அதே தூரத்துக்குப் பதினைந்து விநாடி பிடித்திருக்கும். ஆக, இழப்பது ஒன்றரை நிமிடம்தான். உங்கள் வேலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் நிமிடக் கணக்கில்தான் நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதை அறிவேன். அந்த நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. குதிரைகள் அதிகம் நடமாடும் சாலை உங்கள் வழியில் இருந்தால், உங்கள் மேலாளரிடம் சொல்லி அந்தப் பயணத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக எழுதிக்கொள்வதே நல்லது. பின்னால் நின்று ஸ்டியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டு தவிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி நடைமுறை. நகரத்துக்கு வெளியே, வேறு அறிவிப்பும் நடுவே தடுப்பும் இல்லாத ஒற்றைச் சாலையில் கார்களுக்கு உச்சவரம்பு மணிக்கு 60 மைல். அந்த வேகத்தில் நின்று முடிக்க 73 மீட்டர் தேவை என்று ஹைவே கோட் கணக்குத் தருகிறது. 30 மைலில் 23 மீட்டர். 20 மைலில் 12 மீட்டர். வேலி மறைக்கும் வளைவில் உங்களுக்கு முன்னே தெரிவது இருபது மீட்டர் என்றால், உச்சவரம்பு என்ன சொன்னாலும் உங்கள் வேகம் 20 மைலைத் தாண்டக் கூடாது. சாலையில் புதிய சாணத்தைக் கண்டால், வளைவுக்கு அப்பால் குதிரை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முக்கோணத்துக்குள் ஆள் ஏறிய குதிரைப் படம் இருந்தால் சவாரி செய்பவர்கள் வரும் இடம் என்று பொருள்.

குதிரை கண்ணில் பட்டதும் தொலைவிலேயே வேகத்தைக் குறையுங்கள். அருகில் வந்து பிரேக்கை அழுத்தி நிறுத்துவது, குறிப்பாகச் சரளையும் ஈர இலையும் கிடக்கும் இடத்தில், ஒலியையும் எழுப்பும், குதிரையையும் கலக்கும். மூன்று நான்கு கார் நீளம் பின்தங்கி, முதல் அல்லது இரண்டாம் கியரில் அதன் நடைக்கு ஏற்பப் போங்கள். கிளட்சை மிதித்தபடி எஞ்சினை ஏற்றி இறக்காதீர்கள். அப்போது குதிரையின் காதுகளைக் கவனியுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் நீங்கள் இருப்பது அதற்குத் தெரியும். இரண்டு காதும் வேலியின் ஒரே இடத்தை நோக்கி விறைத்து, தலையும் உயர்ந்தால், அது ஏதோ ஒன்றைக் கண்டு அஞ்சுகிறது. அந்த நேரத்தில் சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும் கடக்காதீர்கள்.

மேலே இருப்பவர் திரும்பிப் பார்த்தாரானால் உங்களைக் கண்டுகொண்டார் என்று பொருள். கையை நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க மெல்ல மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். உள்ளங்கையை உங்கள் பக்கம் காட்டி உயர்த்தினால் நிற்கச் சொல்கிறார். அந்தச் சைகைகளை அதிகாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குச் சேணத்தின் வழியாகத் தெரிகிறது. வாருங்கள் என்று அவர் கை காட்டினாலும், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு உங்களுடையதே. கடக்கும்போது எதிர்ப்பக்கத் தடத்துக்கு முழுவதுமாக மாறிக் கடந்து, உடனே இடப்பக்கம் வெட்டித் திரும்பாமல், இன்னும் கொஞ்ச தூரம் அதே நிதானத்தில் போங்கள். பலரும் முடிந்துவிட்டது என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது இங்கேதான். ஓட்டப் பழகிய காலத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். பின்புறக் கண்ணாடியில் அந்தக் குதிரை இரண்டு கால்களில் எழுந்ததைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. குதிரை கண்ணாடியில் சிறிதாகும் வரை கியரை மாற்றாமல் இருப்பதே என் வழக்கம்.

எதிரெதிரே சந்தித்தால் நிலைமை சற்று வேறு. நீங்கள் நின்றுவிடுங்கள், பகலாக இருந்தாலும் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், வைப்பரை நிறுத்துங்கள், பாட்டைக் குறையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் குதிரைக்காரரிடமே ஜன்னல் வழியாகக் கேட்கலாம். சில குதிரைகளுக்கு எஞ்சின் அணையும் அந்தத் திடீர் அமைதியே பிடிப்பதில்லை. யாராவது பின்னோக்கிப் போக வேண்டுமென்றால், பின்னால் அருகிலேயே வாயில் எதையாவது தாண்டி வந்தீர்களா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். குதிரை உங்கள் காரை ஒட்டி நடந்து போகும்போது கதவைத் திறக்கவோ கையை வெளியே நீட்டவோ வேண்டாம்.

இணையாகப் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு குதிரைகளுக்கு மேல் இணையாகப் போகக் கூடாது, குறுகிய சாலையிலும் நெரிசலான சாலையிலும் வளைவிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. ஆனால் இளம் குதிரையையோ புதிதாக ஏறக் கற்பவரையோ அழைத்துப் போகும்போது, இணையாகப் போவார்கள் என்பதை வண்டி ஓட்டுபவர்களுக்கான விதியே சொல்கிறது. அப்போது பழகிய குதிரை வண்டிகளின் பக்கமும் இளையது வேலியின் பக்கமும் இருக்கும். பெரியவர் குழந்தையைச் சாலையின் உட்புறமாகப் பிடித்து நடத்திப் போவதைப் போன்றதே இது. அன்று உங்கள் முன்னே குறுக்கே திரும்பியது அநேகமாக அந்த இளைய குதிரையாக இருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தால் எளிதாகக் கடந்திருப்பேனே என்று தோன்றும். அந்தச் சாலையில் ஒற்றைக் குதிரையைக் கடக்கவே அகலம் போதாது என்பதை மேலே கணக்கிட்டோம். அகலமான சாலையில்கூட, ஒற்றை வரிசை என்றால் இரண்டு மடங்கு நீளத்தைக் கடக்க வேண்டியிருக்கும். வழி விடத் தோதான இடம் வந்ததும் பெரும்பாலானவர்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

சாலைக்கே ஏன் வருகிறார்கள் என்பது நியாயமான கேள்வி. நாங்களும் விரும்பி வருவதில்லை. குதிரை போகலாம் என்று சட்டம் குறித்த ‘பிரைடில்வே’ முதலிய பாதைகள் எல்லாம் சேர்ந்தே, இங்கிலாந்தின் பொது நடைவழிகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மற்றவற்றில் பெரும்பாலானவை நடப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. இருக்கும் பாதைகளும் தொடர்ச்சியாக இல்லை. ஒன்று ஒரு தார்ச்சாலையில் கொண்டுவந்து விடும், அடுத்தது அரை மைல் தள்ளித் தொடங்கும். அந்த அரை மைலில்தான் நீங்கள் எங்களைச் சந்திக்கிறீர்கள். சாலையோர நடைபாதையில் ஏறக் கூடாது என்று 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே தடுக்கிறது. ஓரப் புல்லில் போகலாமே என்றால், நீர் வடிய வெட்டிய வாய்க்கால்களும் உடைந்த புட்டிகளும் புல்லுக்குள் மறைந்திருக்கும்; அங்கே கால் மாட்டினால் குதிரையின் கால் முறியும்.

ஆள் ஏறாத குதிரைகளையும் நீங்கள் சந்திப்பீர்கள். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மட்டக்குதிரைகள் வேலியில்லாமல் உலவுகின்றன. அவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு, ஆனாலும் அவை சாலையை மேய்ச்சலின் ஒரு பகுதியாகவே கருதுகின்றன. அங்கும், இதேபோல் மட்டக்குதிரைகள் உலவும் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டிலும் வேலியில்லாத சாலைகள் பலவற்றில் உச்சவரம்பு 40 மைல்தான். இரவிலும் மூடுபனியிலும் கறுப்பு மட்டக்குதிரை ஒன்று தாரோடு தாராகக் கலந்து நிற்கும்; அதன் கண் மின்னினால்தான் தெரியும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி எந்த நொடியும் குறுக்கே ஓடும். ஜன்னல் வழியாகக் கேரட் நீட்டுபவர்கள், வண்டி நின்றால் தீனி கிடைக்கும் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்துச் சாலைக்கு இழுத்துவிடுகிறார்கள். டார்ட்மூரில் அப்படி உணவு கொடுப்பது தடைசெய்யப்பட்டது. உங்கள் குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம்.

மற்ற வண்டிகளைப் பற்றி ஒரு சொல். லாரியின் காற்று பிரேக் விடும் சீற்றமும், காலி டிரெய்லரின் கடகடப்பும் காரைவிட அதிகம் மிரட்டும். மின்சாரக் கார் அமைதியானது என்பதால் நல்லது என்று நினைப்பார்கள். பின்னால் வருவது தெரியாமல் திடீரென்று பக்கத்தில் முளைப்பதுதான் சிக்கல். குறைந்த வேகத்தில் புதிய மின்கார்கள் எழுப்பும் செயற்கை ஒலி இந்த விஷயத்தில் எங்களுக்கு உதவியே. சைக்கிளில் வருபவர்கள் தொலைவிலிருந்தே “குட் மார்னிங்” என்று குரல் கொடுத்துவிட்டு, குதிரையின் இடப்பக்கம் நுழையாமல் வலப்பக்கமாகக் கடந்தால் போதும். மனிதக் குரல் குதிரைக்குப் பழகிய ஒலி.

குதிரைக்காரர்கள் மட்டும் குறையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பளிச்சென்ற மஞ்சள் மேலாடை இல்லாமல், மழைக்கால அந்தியில், கறுப்பு உடையும் பழுப்புக் குதிரையுமாக வருபவர்களைக் காரிலிருந்து கண்டு நானே பதறியிருக்கிறேன். தலைக்கவசம் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சாலையில் சட்டப்படி கட்டாயம்; மற்றவர்களும் அணியாமல் ஏறக் கூடாது. பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டால், வாயில் வந்ததும் ஒதுங்கி விடுவது எங்கள் கடமை. குதிரை தப்பி ஓடுவதற்கும் பொறுப்பு உண்டு: டெவனில் எதற்கோ மிரண்டு வயலிலிருந்து வெளியேறிய குதிரை ஒன்று நடுவே தடுப்புள்ள இரட்டைச் சாலையில் காரோடு மோதிய வழக்கில், உரிமையாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நிறுவப்படாதபோதும், 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி அவர்களே பொறுப்பு என்று, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 2003இல் தீர்ப்பளித்தது.

ஏதாவது நேர்ந்துவிட்டால், மோதல் உங்களால் ஏற்பட்டது இல்லை என்று தோன்றினாலும், நிறுத்திவிடுங்கள். உங்கள் வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் குதிரைக்குக் காயம் ஏற்பட்டாலும் நின்று விவரம் தர வேண்டும் என்பது சட்டம். எஞ்சினை அணைத்து, அபாய விளக்கைப் போட்டு, முதலில் இரு பக்கமும் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். விழுந்தவரை அசைக்காமல் அவசர உதவி எண்ணான 999ஐ அழையுங்கள். ஆளைத் தள்ளிவிட்டு ஓடும் குதிரையைக் காரில் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் வேகமாக ஓடும், விட்டால் அநேகமாகத் தன் லாயத்தை நோக்கியே போகும். நின்றுகொண்டிருக்கும் குதிரையைப் பின்புறமாக அணுகாமல், தோளின் பக்கமாக மெல்லப் பேசிக்கொண்டு வாருங்கள். அச்சமாக இருந்தால் விலகியே நில்லுங்கள், அதில் தவறில்லை.

இறுதியாக, அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். கேளுங்கள். சாலையில் காணும் குதிரைகளின் லாயம் பெரும்பாலும் ஓரிரு மைலுக்குள்தான் இருக்கும். உங்களைக் கடிந்துகொண்டது கோபத்தினால் என்பதைவிட, அந்த ஒரு நொடிப் பயத்தினால்தான் இருக்கும். அடுத்த முறை அவர் லாய வாசலில் தரையில் நிற்கும்போது காரை ஓரங்கட்டி இறங்கி, நடந்ததைச் சொல்லி, அவர்கள் எந்த நாட்களில் எந்த நேரத்தில் அந்தச் சாலையில் போவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலைச் சுற்றை அதற்கு ஏற்ப மாற்ற முடியலாம். பிறகு ஒருநாள் அதே சாலையில் நீங்கள் காத்திருந்து கடக்கும்போது அவர் கையை உயர்த்தவில்லை என்றால் வருந்த வேண்டாம். இளம் குதிரையின் கடிவாளத்திலிருந்து கையை எடுக்க முடியாதபோது நாங்கள் தலையை மட்டுமே சற்று அசைப்போம். எங்கள் நன்றி அதுதான்.